இடது பக்கத்து மட்கார்டு

எங்கள் பட்டறைத் தொழிலாளர் சங்கம் வருஷா வருஷம் ஒரு மலர் போடும். அதில் உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் வரும். 2009ஆம் வருஷத்து மலருக்குக் கொளஞ்சியைப் போடலாம் என்று கமிட்டியில் கை தூக்கிவிட்டார்கள். எழுத வேண்டியவன் நான். கமிட்டியில் பிழையில்லாமல் நாலு வரி எழுதுகிறவன் இந்தத் தணிகாசலம் ஒருத்தன்தான் என்பதால் வேறு வழியில்லை. மலருக்கு ஒன்று எழுதிக் கொடுத்தும்விட்டேன். இது அவர்களுக்குக் கொடுக்காதது.

கொடுத்ததில் உள்ள விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கொளஞ்சிக்கு வயது நாற்பத்து நான்கு. விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளை. அந்தப் பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். பதினெட்டு வயதில் பாண்டிச்சேரிக்கு வந்து பஸ் பாடி கட்டும் இடத்தில் பட்டி தேய்த்தான். பிறகு பிள்ளைச்சாவடியில் தகரம் போட்டுச் சொந்தமாக ஷெட் வைத்தான். மனைவி துர்கா, ஒரு மகள். பீடி இல்லை, வெற்றிலை இல்லை, சாராயம் இல்லை. பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு, அதிலும் நாள் முழுக்கத் தின்னர் வாடையில் நின்றுகொண்டு, ஒருத்தன் குடிக்காமல் இருக்கிறான் என்றால் அவனிடம் என்னவோ கோளாறு இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றா இரண்டா? சத்தம் போட்டுப் பேசமாட்டான். யாரையும் குறை சொல்லமாட்டான். வேலை நேரத்திலும் வெள்ளைச் சட்டைதான் போடுவான், அதில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இருக்காது. நான் சட்டை போட்டு வெளியே கிளம்பினாலே காலரில் எங்கிருந்தோ சிவப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "வாங்கண்ணே" என்பான். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருக்கும். நெல்லித்தோப்பில் முப்பது வருஷமாக வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி மினுக்க வேண்டும் என்றால் தணிகாசலத்திடம் போ என்று ஊரே சொல்லும். அப்படியிருக்க, உப்புக் காற்று அடிக்கிற கடலோர ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறவனைத் தேடிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

எரிந்தது முழுசாகப் பற்றிக்கொண்டது 2007இல். அந்த வருஷம் ஆனி மாதம் முசே அர்மான் என் கடைக்கு வந்தார். தூமா வீதியில் வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். பாரீசில் ரயில்வேயில் வேலை பார்த்து ஐம்பது வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டு அம்மாவோடு இருக்க வந்திருந்தார். அவர்கள் வீட்டில் 1953ஆம் வருஷத்துப் பெஜோ 203 ஒன்று இருந்தது. அவருடைய அம்மா ஜொசியானுக்குக் கல்யாணத்தின்போது அந்த அம்மாவின் அப்பா கொடுத்த வண்டி. புறாவின் முதுகு மாதிரி ஒரு சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் பச்சை தெரியும். தை மாதம் கடற்கரைச் சாலையில் பழைய கார்களை நிறுத்திக் காட்டப்போகிறார்கள், அதற்குள் வண்டியைச் சரிபண்ண வேண்டும் என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் சொரசொரவென்று வெளிறிக் கிடந்தது. "முழுசா சுரண்டி எடுத்துட்டு, அதே கலர்ல பி.யு. பெயிண்ட் அடிச்சிடலாம் முசே. மூணு வாரம். மொகம் பாத்துத் தலை வாரிக்கலாம்" என்றேன். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு எவனோ கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். கொளஞ்சி வந்தான். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினானாம். பானெட் ஓரத்தில் எச்சில் தொட்டு ஒரு காசளவு இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தானாம். சாம்பல் பளிச்சென்று மேலே வந்ததாம். "பெயிண்ட்டு சாவலைங்க. மேல வெயிலும் அழுக்கும்தான் ஏறிக் கெடக்கு. எடுக்க வேணாம், நாலு மாசம் குடுங்க" என்று சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்ற மதாம் ஜொசியான் கண் கலங்கிவிட்டாராம். "எங்க பப்பா கை வச்ச பெயிண்ட்டுப்பா இது. அம்பது வருஷத்துல இதுமேல ஒரு கீறல்கூட விழுந்ததில்ல" என்றாராம். வேலை அவனுக்குப் போய்விட்டது.

ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்டு நான் அன்றைக்கு மனதுக்குள் சிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

1978 சித்திரையில், மதாம் காரைக்காலில் தங்கை பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போயிருந்தார். அவருடைய கணவர் முசே ரஃபாயேல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் சொல்தா, அதாவது சிப்பாய், என்றால் அவர்தான். இந்தோ சீனாவில் சண்டை போட்ட மனுஷன், பெண்டாட்டிக்கு மட்டும் பயப்படுவார். மதாம் இல்லாத தைரியத்தில் மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனார். கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டார். முன்பக்க இடது மட்கார்டு நசுங்கி, பெயிண்ட் ஒரு முழ நீளம் போய்விட்டது. பெரிய பட்டறைக்குப் போனால் சாயங்காலமே தூமா வீதிக்குச் செய்தி வந்துவிடும். அதனால் அப்போது ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, இருபது வயதுப் பையனை, வீட்டுக்கே அழைத்துப் போனார்.

எனக்கு நாலு நாள் இருந்தது. நசுங்கலை உள்ளிருந்து மரச் சுத்தியால் தட்டி எடுத்தேன். அது பெரிய வேலை இல்லை. நிறம்தான் வேலை. புதுச் சாம்பல் அடித்தால் பக்கத்திலிருக்கும் இருபத்தைந்து வருஷத்துச் சாம்பலிடம் அது தனியாகக் கூவும். வெயிலில் வெளுத்த நிறத்தைக் கலக்க வேண்டும். வெள்ளை, கறுப்பு, துளி மஞ்சள், ஊசி முனையளவு பச்சை. கலந்து கலந்து, மட்கார்டின் உள்பக்க மடிப்பில் கட்டைவிரலால் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். ஒவ்வொரு வண்டியிலும் நான் அப்படித்தான் செய்வேன். மட்கார்டு முழுக்க அந்த நிறத்தை அடித்தேன். நாலாம் நாள், மினுக்கத்தைக் குறைப்பதற்காகப் பழைய துணியால் நாள் முழுக்கத் தேய்த்தேன். முசே ரஃபாயேல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எது இடித்த பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

மாதா படத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்து, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் கேட்டார். "நான் இந்துங்க" என்றேன். "மாதாவுக்குத் தமிழ் தெரியும்டா, சும்மா சொல்லு" என்றார். சொன்னேன். அவர் 1991இல் செத்துப்போனார். நான் என் மனைவி அன்னக்கிளியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே முழுசாகச் சுரண்டி அடிக்கலாம் என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்கலாம். அன்றைக்கு எனக்கு அது ஒரு பழைய மட்கார்டு, அவ்வளவுதான். நான் செய்தது, நானே எடுக்கிறேன் என்றுதான் இருந்தது. அதன் மேல் எனக்கு ஆசை வந்தது கொளஞ்சி தொட்ட பிறகு.

காலாப்பட்டில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அவன் ஷெட் வழியாக டிவிஎஸ் வண்டியில் போவேன். காலை பத்து மணி வரைதான் கொளஞ்சி அந்த வண்டியைத் தொடுவான். கடல் காற்று திரும்பியதும் துணி போட்டு மூடிவிடுவான். கிழிந்த மல் வேட்டியைக் கை அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு சாண் இடம். மெஷின் கிடையாது. துரு தெரிந்த இடத்தில் மெழுகு மட்டும் வைப்பான், பெயிண்ட் தொட்டு மறைக்கமாட்டான். எதையும் எடுக்க மாட்டான் அவன். அழுக்கை எடுக்கவே அவனுக்கு மனசு வராது போலிருந்தது. நான் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, இவன் கெடுத்துவிட வேண்டும், ஒரு இடத்திலாவது தகரம் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்புவேன். கெடுக்கவில்லை. மார்கழியில் வண்டி வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மினுக்கவில்லை அது, உயிரோடு இருந்தது.

2008 தை, ஞாயிற்றுக்கிழமை காலை, காந்தி சிலையிலிருந்து வரிசையாக இருபத்திரண்டு கார்கள். பார்த்து மார்க் போட ஃபிரான்சிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார், பெயர் லெத்திசியா. பழைய கார் சங்கத்துக்காரர். மறு பெயிண்ட் படாத வண்டிக்கென்று தனியாக ஒரு பரிசு இருந்தது. பெஜோவின் முன்னால் வந்ததும் அவர் நின்றுவிட்டார். ஒவ்வொரு பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் இடது மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். முசே அர்மான் தமிழில் சொன்னார்: "இந்த மட்கார்டப் பாருங்கன்றாங்க. ஃபாக்டரி வேலை இவ்ளோ சுத்தமா மிஞ்சி இருக்கறத அவங்க எங்கயும் பாத்ததில்லயாம். இத அடிச்ச தொழிலாளிக்குக் கை தட்டணுமாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கொளஞ்சி துவைத்த வெள்ளைச் சட்டையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஃபோட்டோக்காரர் அவனை மட்கார்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். என் மட்கார்டுக்குப் பக்கத்தில். ஃபிரான்சில் எவனோ ஒருத்தனுக்கு ஒரு கை தட்டல், இவனுக்கு ஒரு ஃபோட்டோ. முப்பது வருஷத்தில் எனக்கு ஒருவரும் கை தட்டியதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "அது நான் அடிச்சது" என்றேன்.

சிரித்தார்கள். முசே அர்மான் என் தோளில் கை போட்டு, "என்னா தணிகாசலம், நீங்கதான மொதமொதல்ல எல்லாத்தையும் சுரண்டணும்னு சொன்னீங்க?" என்றார். இருந்தும் மரியாதைக்கு அந்தப் பெண்மணியிடம் சொன்னார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ஏதோ சொன்னார். முசே அர்மான் தயங்கினார். "சொல்லுங்க" என்றேன். "ரோட்டோரப் பட்டறையில இந்த வேலை வராதுன்றாங்க" என்றார்.

அதுதான். அதற்கு மேல் எனக்கு மாதாவும் தெரியவில்லை, சத்தியமும் தெரியவில்லை. "மட்கார்டுக்கு உள்பக்கம், கீழ் மடிப்புல பாக்கச் சொல்லுங்க. கட்டைவிரல் வச்ச அடையாளம் அஞ்சு இருக்கும். அஞ்சும் அஞ்சு சாம்பல். நாலாவதுதான் இந்தக் கலர்" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நாலு மாசம் சாண் சாணாகத் துடைத்தவன் உள்பக்கத்தையும் துடைத்திருப்பானே? கொளஞ்சியைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லெத்திசியா தரையில் துணி விரித்து மல்லாந்து படுத்தார். டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டார். பிறகு படுத்தபடியே எண்ணினார். பிரெஞ்சில் எனக்கு எண்கள் தெரியும். ஐந்து வரைக்கும் எண்ணினார்.

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே கையால் பரிசுப் பட்டியலில் பெஜோவின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அந்தப் பரிசு ஒரு மோரிஸ் வண்டிக்குப் போனது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. திரும்பினால் குடைக்குக் கீழே நாற்காலியில் மதாம் ஜொசியான்.

"எப்ப?" என்று கேட்டார்.

"எழுபத்தெட்டுல, மதாம். நீங்க காரைக்காலுக்குப் போயிருந்தீங்க. முசே ரஃபாயேல் வைத்திக்குப்பத்துல இடிச்சிட்டாரு."

அவருக்கு எழுபத்து மூன்று வயது. மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனம் சாயங்காலம் நான் வண்டியத் தொடைப்பேன். அவரு பக்கத்துல நின்னு, பாத்தியா உங்க அப்பா வண்டிய நான் எப்பிடி வச்சிருக்கேன்னு சொல்லுவாரு. சாவுற வரைக்கும் சொன்னாரு" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டார். "அர்மான், எல்லாத்தையும் எடுத்துடு. பொய் பூசுன வண்டி எனக்கு வேணாம். புதுசா அடி. இந்தத் தம்பியே அடிக்கட்டும், அவருக்குத்தான் நல்லா வருதே" என்றார்.

அடுத்த வாரம் பெஜோ என் கடையில் நின்றது. நான் கேட்ட வேலை, நான் சொன்ன பி.யு. பெயிண்ட், நான் சொன்ன மூன்று வாரம். பிள்ளைச்சாவடிக்காரன் தோற்றான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது இன்னொருத்தனுக்குப் போகும் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. பெயிண்ட்டைத் தேய்த்து எடுக்கிற வாட்டர் பேப்பரை நனைத்துக் கையில் எடுத்த நேரம் கொளஞ்சி வந்தான்.

டிவிஎஸ்சை ஓரமாக நிறுத்திவிட்டு, "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளு."

"எடது மட்கார்டு மட்டும் கழட்டிடுங்க. நான் தகரத்துல புதுசா ஒண்ணு தட்டித் தரேன். அளவு எடுத்துட்டேன், நாலு நாள்ல ஆயிடும். கூலி வேணாம். முசே அர்மான்கிட்டயும் பேசிட்டேன், சரின்னுட்டாரு. அந்தப் பழசு இருக்கட்டும்ணே."

"எங்க இருக்கட்டும்?"

"நீங்க வச்சிக்கங்க. இல்லன்னா நான் எங்க ஷெட்டுல மாட்டி வைக்கிறேன். உங்க பேரு எழுதியே வைக்கிறேன்."

என் வேலை அவன் ஷெட்டில். அவனுடைய ஆணியில். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இது தணிகாசலம் அண்ணன் அடித்தது என்று அந்த மெல்லிய குரலில் அவன் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு ஊர் அவனுடைய பெரிய மனசைப் பாராட்ட வேண்டும். நானே வைத்துக்கொண்டாலும் அது அவன் தட்டிக் கொடுத்த தகரத்தால் பிழைத்த மட்கார்டாகத்தானே இருக்கும்?

"உன் பிச்சை எனக்கு வேணாம்டா" என்றேன். இடது மட்கார்டிலிருந்தே ஆரம்பித்தேன்.

அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நான் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் தண்ணீர் மட்கார்டிலிருந்து இறங்கித் தரையில் ஓடியது. முப்பது வருஷம் நின்றது அரை மணிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உள்பக்கம் கையை விட்டு அந்த ஐந்து பொட்டுகளையும் தேய்த்தேன். அவன் பார்க்கிறான் என்பதாலேயே அழுத்தித் தேய்த்தேன்.

வெறும் தகரம் ஆன பிறகு கொளஞ்சி பேசினான்.

"நான் மொத வாரமே பாத்துட்டேன்ணே, உள்ள விரல் வச்சிருந்தத. நீங்க அடிச்ச வண்டி எது என்கிட்ட வந்தாலும் அது இருக்கும், அதனால யாருன்னும் தெரிஞ்சிடிச்சி. முசே அர்மான்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். அன்னிக்கு பீச்சுல அந்தம்மா கை தட்டச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கணும். உங்க பேரச் சொல்ல எனக்கு வாய் வரல."

"ஏன் வரல?"

"பொறாமைதான், வேற என்னா. ஒரு நாளு அத்தத் தொடைச்சிடலாம்னு துணியக்கூட நனைச்சிட்டேன். கை போவல." தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டிக்கு நாலு மாசம் ஆச்சேன்னு எல்லாரும் கேட்டாங்க. மத்ததெல்லாம் அந்த மட்கார்டு பக்கத்துல நிக்கிற அளவுக்குக் கொண்டாரத்தான்ணே நாலு மாசம். அப்பவும் வரல."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கையில் பேப்பர் இன்னும் ஈரமாக இருந்தது. மட்கார்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எதைச் சொன்னான் என்று நானே ஒரு தடவை பார்த்துக்கொள்ளக்கூட அதில் ஒரு பொட்டு மிச்சமில்லை.